எண்ணிக் கொடுத்த நேரம்: எக்ஸ் கதிர்ப் படிகவியலில் அளவீட்டைப் பங்கிடுதல்

திமிங்கலத் தசையிலிருந்து எடுத்த மயோகுளோபின் படிகங்களை ஜான் கெண்ட்ரூவின் கேம்பிரிட்ஜ் குழு ஆராய்ந்தபோது, அந்தப் படிகம் தரக்கூடிய தரவு முழுவதையும் முதலிலேயே அளந்துவிட முனையவில்லை. 6 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனோடு (தனியே பிரித்துக் காணக்கூடிய மிகச் சிறு தூரம்; ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) நிறுத்திக்கொண்டது. அதற்கு ஒவ்வொரு வகைப் படிகத்திலும், அது எக்ஸ் கதிரைச் சிதறடித்து உண்டாக்கும் புள்ளிகளில் சுமார் 400-இன் செறிவை அளந்தால் போதும். 1958-இல் வெளியான அந்த முதல் வரைபடத்தில் ஓர் அணுவைக்கூடத் தனியே காண முடியாது; ஆனால் புரதச் சங்கிலி எவ்வழியே வளைந்து மடிகிறது என்பதும், இரும்பைத் தாங்கிய ஹீம் தொகுதி எங்கே அமர்ந்திருக்கிறது என்பதும் தெரிந்தன. அடுத்த கட்டமாக 2 ஆங்ஸ்ட்ராமுக்குப் போனபோது அளக்க வேண்டிய புள்ளிகள் 9,600 ஆயின, 1.4 ஆங்ஸ்ட்ராமுக்கு ஏறத்தாழ 25,000. பிரிதிறன் எல்லையை நெருக்க நெருக்க, புள்ளிகளின் எண்ணிக்கை அந்தத் தூரத்தின் மும்மடிக்குத் தலைகீழ் விகிதத்தில் பெருகும் என்பதே இதன் காரணம். எட்டு மணி நேர ஷிஃப்டில் சின்க்ரோட்ரான் (வலுவான எக்ஸ் கதிர் தரும் பெரும் முடுக்கி) முன் உட்காரும் இன்றைய ஆராய்ச்சி மாணவருக்கும் கெண்ட்ரூவுக்கு இருந்த அதே கேள்விதான் இருக்கிறது: கேட்க வந்த வினாவுக்கு எவ்வளவு தரவு போதும், எதை அளக்காமல் விடலாம்?

புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படிகத்தை எக்ஸ் கதிர்க் கற்றையில் வைத்து மெல்லச் சுழற்றினால், அணு அடுக்குகள் பிராக் விதியை (அடுக்கு இடைவெளி, கோணம், அலைநீளம் மூன்றும் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனையை) நிறைவு செய்யும் ஒவ்வொரு நிலையிலும் சிதறிய அலைகள் ஒன்றுகூடி ஒரு குறிப்பிட்ட திசையில் ஒளிரும். ஒவ்வொரு புள்ளியின் செறிவிலும் அலகுக்கூட்டில் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறு பெட்டியில்) உள்ள எல்லா அணுக்களின் பங்கும் கலந்திருக்கிறது. நாம் அளப்பது செறிவை. அணுக்களின் இடத்தைக் காட்டும் எலெக்ட்ரான் அடர்த்தி வரைபடத்துக்குள் நுழைவதோ அதன் வர்க்கமூலமான வீச்சு. இந்த வேறுபாடு நேரப் பங்கீட்டில் எதிர்பாராத ஒரு வேலையைச் செய்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் எண்ணுவதைப் பற்றி. ஃபோட்டான்கள் தற்செயலாக வந்து விழுபவை; ஆகவே 10,000 ஃபோட்டான்களை எண்ணினால் அதில் 100 அளவுக்கு ஐயப்பாடு உண்டு, அதாவது 1 சதவீதம். 100 ஃபோட்டான்களை எண்ணினால் ஐயப்பாடு 10, அதாவது 10 சதவீதம். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும் என்பது இதிலிருந்து நேராக வரும் செய்தி. இதை எல்லோரும் அறிவார்கள். அவ்வளவாகக் கவனிக்கப்படாதது பின்னணி. புள்ளி இருக்கும் இடத்தில் எண்ணும்போது, காற்றும் கண்ணாடியும் படிகத்தைச் சூழ்ந்த திரவமும் சிதறிய கதிர்களும் சேர்ந்தே எண்ணப்படுகின்றன. அவற்றைப் பக்கத்தில் தனியே எண்ணிக் கழிக்க வேண்டும். ஆனால் கழித்தாலும் அவற்றின் ஐயப்பாடு கழிவதில்லை, கூடுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். புள்ளியின் உச்சியில் நொடிக்கு 100 எண்ணிக்கை, பக்கத்துப் பின்னணியில் நொடிக்கு 25, கையில் இருப்பது 90 நொடி. உச்சிக்கும் பின்னணிக்கும் நேரத்தை அவற்றின் எண்ணிக்கை வீதங்களுடைய வர்க்கமூலங்களின் விகிதத்தில், அதாவது இங்கே இரண்டுக்கு ஒன்றாக, 60 நொடியும் 30 நொடியும் எனப் பிரிப்பதே மிக உகந்தது. அப்படிச் செய்தால் நிகர செறிவில் 2.1 சதவீதப் பிழை வரும். சரிபாதியாக 45, 45 என்று பிரித்தால் 2.2 சதவீதம். வேறுபாடு அற்பம், அதை ஈடுகட்ட இன்னும் பத்து நொடி எண்ணினால் முடிந்தது. ஆனால் பின்னணியை அலட்சியம் செய்து 81 நொடி உச்சியிலும் 9 நொடி மட்டும் பின்னணியிலும் செலவிட்டால் பிழை 2.7 சதவீதமாகிறது, அதே துல்லியத்தை மீட்க 90 நொடிக்குப் பதில் ஏறக்குறைய 145 நொடி வேண்டும். உகந்த புள்ளியைச் சுற்றி நிலம் சமமாக இருக்கிறது, தொலைவில் சரிவு செங்குத்தாகிறது. நேரப் பங்கீட்டின் பல கணக்குகளுக்கு இந்த வடிவம் உண்டு என்பதால், கடைசி நொடி வரை உகந்ததைத் தேடிக்கொண்டிருப்பதைவிடப் பெரும் தவறைத் தவிர்ப்பதே இலாபம்.

இப்போது மெலிந்த ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம்: உச்சியில் நொடிக்கு 30, பின்னணி அதே 25. நிகரம் வெறும் 5. அதே 90 நொடியை எவ்வளவு திறமையாகப் பிரித்தாலும் 22 சதவீதப் பிழைக்குக் கீழே இறங்க முடியாது. முதல் புள்ளிக்குக் கிடைத்த 2.1 சதவீதத்தை இதற்கும் கொடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தால் ஒரே புள்ளிக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். பத்தாயிரம் புள்ளிகளில் பாதிக்கு மேல் இப்படி மெலிந்தவையாக இருக்கும் புரதப் படிகத்தில், எல்லாப் புள்ளிக்கும் ஒரே சதவீதத் துல்லியம் என்ற இலட்சியம் நடைமுறைக்கு உதவாது.

ஆயினும் அந்த இலட்சியத்தின் சாயல் நாற்சுற்று டிஃப்ராக்டோமீட்டர்களின் காலத்தில் உண்மையாகவே இருந்தது. அந்தக் கருவிகள் ஒரு நேரத்தில் ஒரு புள்ளியை மட்டுமே அளந்தன. ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று வைத்தால் சாதாரணச் சிறு மூலக்கூறுக்கே நாட்கணக்கில் ஓடும். ஆகவே கணினி முதலில் புள்ளியை வேகமாக ஒரு முறை தடவிப் பார்க்கும். அது போதிய வலுவோடு இருந்தால் அப்படியே ஏற்றுக்கொள்ளும். இல்லையென்றால் விரும்பிய துல்லியத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று கணக்கிட்டு மறுபடி மெதுவாக அளக்கும். அந்த நேரம் பயனர் விதித்த உச்சவரம்பைத் தாண்டினால் வரம்போடு நிறுத்திக்கொள்ளும். நியாயமான ஏற்பாடாகத்தான் தோன்றுகிறது. ஆனால் துல்லியம் எதற்காக என்ற கேள்வியை அது கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டுக் கணக்கிட்டவர்களுள் ஒருவர் படிகவியலாளர் ஷூமேக்கர். கணினி இயக்கும் டிஃப்ராக்டோமீட்டர்களில் எண்ணும் நேரத்தை உகந்தவாறு பிரிப்பதையே 1968-இல் ஒரு கட்டுரையின் பொருளாக எடுத்துக்கொண்டார்.

வீச்சைப் பற்றி மேலே ஒத்திவைத்த செய்தி இங்கே வருகிறது. பின்னணி இல்லை என்று வைத்துக்கொண்டு, இரு புள்ளிகளை ஒரே நேரம் எண்ணுவோம். ஒன்றில் 10,000 எண்ணிக்கை: செறிவு 10,000, பிழை 100, வர்க்கமூலம் எடுத்தால் வீச்சு 100, பிழை அரை. மற்றதில் 100 எண்ணிக்கை: செறிவு 100, பிழை 10, வீச்சு 10, பிழை அதே அரை. சதவீதத்தில் பார்த்தால் ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு மோசம். வரைபடத்துக்குள் கொண்டுபோகும் இரைச்சலில் இரண்டும் சமம். எலெக்ட்ரான் அடர்த்தி வரைபடம்தான் நோக்கம் என்றால், வலுத்ததற்கும் மெலிந்ததற்கும் ஒரே நேரம் கொடுப்பதே ஏறக்குறைய சரியான பங்கீடு. பின்னணியைச் சேர்த்தால் மெலிந்தவற்றின் பக்கம் தராசு கொஞ்சம் சாயும், அவ்வளவுதான். பின்னாளில் பரப்பு டிடெக்டர்கள் வந்து ஒரே படத்தில் நூற்றுக்கணக்கான புள்ளிகளுக்கு வேறுபாடின்றி ஒரே நேரத்தைக் கொடுத்தபோது, அது வசதிக்காகச் செய்த சமரசம் என்று பலர் நினைத்தார்கள். வரைபடத்தைப் பொறுத்தவரை அந்தச் சமரசம் நல்ல பங்கீடாகவே அமைந்துவிட்டது.

பரப்பு டிடெக்டரில் தனிப் புள்ளிக்கு நேரம் ஒதுக்க முடியாது. படத்துக்குத்தான் ஒதுக்க முடியும். ஆகவே பங்கீட்டின் கேள்விகள் இடம் மாறின. எந்தக் கோணத்தில் தொடங்கி எவ்வளவு சுழற்றுவது, ஒவ்வொரு படமும் எத்தனை டிகிரியை மூடுவது, எவ்வளவு நேரம் கதிரைத் திறந்து வைப்பது என்பவை முன்னுக்கு வந்தன. இதில் மிகப் பெரிய சேமிப்பைத் தருவது சமச்சீர்மை. சமச்சீர்மை மிகக் குறைந்த ட்ரைகிளினிக் படிகத்துக்கு 180 டிகிரி வேண்டும். அலகுக்கூட்டின் மூன்று கோணங்களும் 90 டிகிரியான ஆர்த்தோராம்பிக் படிகத்தை அதன் அச்சு ஒன்றைச் சுற்றிச் சுழற்றினால் 90 போதும். உயர் சமச்சீர்மை கொண்ட அறுங்கோணப் படிகம் தன் அறுமடிச் சமச்சீர் அச்சைச் சுற்றிச் சுழன்றால் 30 டிகிரியிலேயே முடிந்துவிடும். ஆனால் எங்கே தொடங்குகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். ஆர்த்தோராம்பிக் படிகத்தில் ஓர் அச்சிலிருந்து தொடங்கிய 90 டிகிரி முழுத் தரவையும் தரும். இரண்டு அச்சுகளுக்கு நடுவிலிருந்து தொடங்கிய 90 டிகிரியோ ஒரே 45 டிகிரியை இரு முறை அளந்து, எஞ்சியதில் பெரும் பகுதியைத் தொடாமலே விட்டுவிடும். செலவிட்ட நேரம் ஒன்றுதான்.

அடிக்கடி நிகழும் ஒரு விபத்தைச் சொல்ல வேண்டும். முதல் படத்தைக் கொண்டு மென்பொருள் அலகுக்கூட்டைக் கணக்கிடுகிறது. மூன்று கோணங்களும் 90, 90.2, 90 என்று வருகின்றன. விடியற்காலை மூன்று மணிக்கு அந்த 0.2 யார் கண்ணுக்கும் பெரிதாகத் தெரிவதில்லை. ஆர்த்தோராம்பிக் என்று முடிவு செய்து 90 டிகிரி எடுத்துவிட்டு, படிகத்தை இறக்கி அடுத்ததை ஏற்றுகிறார்கள். மறுநாள் செறிவுகளை ஒப்பிடும்போதுதான், சமமாக இருக்க வேண்டிய புள்ளிகள் சமமாக இல்லை, படிகம் உண்மையில் சமச்சீர்மை குறைந்த மோனோகிளினிக், கையில் இருப்பது பாதியை ஒட்டிய தரவு என்பது தெரிகிறது. இதைத் தவிர்க்கும் வழி பழையதுதான்: 90 டிகிரி இடைவெளியில் இரண்டு சோதனைப் படங்கள், கொஞ்சம் சந்தேகம், ஐயம் தீராவிட்டால் குறைந்த சமச்சீர்மைக்கு ஏற்ப அளப்பது. ஐந்து நிமிடம் இதற்குச் செலவிட மனம் வராதவர்கள் ஷிஃப்டின் பாதியை இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டு ஆய்வகத்தின் சிறு மூலக்கூறுப் பணியில் பங்கீடு வேறு உருவம் எடுக்கிறது. மாலிப்டினக் கதிரின் அலைநீளம் 0.71 ஆங்ஸ்ட்ராம், தாமிரக் கதிரின் அலைநீளம் 1.54. சிதறும் செறிவு அலைநீளத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், மற்றவை சமமாக இருந்தால் தாமிரத்தில் பத்து மடங்கு வலு கிடைக்கும். ஊசிமுனை போன்ற கரிமப் படிகத்துக்கு அது ஒரு வரம். ஆனால் ஏற்பு (எக்ஸ் கதிரை உறிஞ்சுதல்) மிகுந்த கன உலோகம் உள்ளே இருந்தால் தாமிரம் தொல்லை. மேலும் 0.83 ஆங்ஸ்ட்ராம் வரை முழுமையான தரவு வேண்டும் என்பது இன்று சஞ்சிகைகளின் எதிர்பார்ப்பு. மாலிப்டினத்தில் அது சுமார் 25 டிகிரி தீட்டாவோடு (சிதறல் கோணத்தின் பாதி) முடியும், தாமிரத்தில் 68 டிகிரியை எட்டும்வரை டிடெக்டரைப் பல இடங்களுக்கு நகர்த்த வேண்டும். இங்கேதான் நேரத்தைக் கோணத்துக்கு ஏற்பப் பிரிக்கும் வழக்கம் உதவுகிறது: அருகே உள்ள வலுத்த புள்ளிகளுக்குப் படத்துக்கு 2 நொடி, தொலைக் கோணங்களுக்கு 8 நொடி என்பது போல. தூள் படிக அளவீட்டிலும் மேட்சனும் ஹில்லும் 1994-இல் இதே வழியை முன்வைத்தார்கள். கோணம் உயர உயர எண்ணும் நேரத்தையும் உயர்த்திச் சென்றால், மங்கிவரும் சிகரங்களும் முன்வரிசைச் சிகரங்களுக்கு ஈடான புள்ளியியலோடு வந்து சேரும்.

புரதப் படிகத்தில் இந்த மங்கல் இன்னும் கொடியது. பி காரணி (அணுக்களின் அசைவால் செறிவு மங்கும் அளவு) 20 என்று வைத்தால், 2 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 1.5-க்குப் போகும்போது சராசரிச் செறிவு ஏழில் ஒரு பங்காகிறது, புள்ளிகளோ 2.4 மடங்காகின்றன. அப்படியானால் ஏழு மடங்கு நேரம் கதிரைத் திறந்து வைத்தால் ஆகிவிடாதா? ஆகாது. முதல் இடையூறு சிறியது: அருகே உள்ள வலுத்த புள்ளிகள் டிடெக்டரின் கொள்ளளவைத் தாண்டி வழிந்துவிடும். அவை வரைபடத்தின் எலும்புக்கூட்டைத் தாங்குபவை. இழந்தால் வரைபடம் குலையும். முன்பு இதற்காகவே கதிரைத் தணித்து, ஒரு விரைவான தனிச் சுற்று எடுப்பார்கள். இரண்டாவது இடையூறு பெரியது: படிகம் தாங்காது.

கதிர்வீச்சு படிகத்தைச் சிதைக்கிறது. குளிரூட்டிய உயிரியல் படிகம் 20 மெகா கிரே (கிரே என்பது உறிஞ்சிய கதிர்வீச்சின் அலகு) அளவில் தன் விளிம்பு விளைவின், அதாவது புள்ளிகளாகச் சிதறும் வலுவின், பாதியை இழக்கும் என்று 1990-இல் ரிச்சர்ட் ஹெண்டர்சன் எதிர்பார்த்தார். 2006-இல் எல்ஸ்பெத் கார்மனும் உடன் பணியாற்றியவர்களும் அளந்து பார்த்து, நடைமுறையில் நம்பத் தகுந்த எல்லையாக 30 மெகா கிரேயைக் குறித்தார்கள். இது 100 கெல்வின் வெப்பநிலையில். அறை வெப்பநிலையில் அதன் சிறு பங்கிலேயே படிகம் கெட்டுவிடும். அதற்கும் வெகு முன்னதாகவே டைசல்ஃபைடு பிணைப்புகள் அறுபடும், கார்பாக்சில் தொகுதிகள் உதிரும். புள்ளிகள் இன்னும் அழகாகத் தெரிந்துகொண்டிருக்கும்போதே மூலக்கூறு மாறிக்கொண்டிருக்கும். மூன்றாம் தலைமுறை சின்க்ரோட்ரானின் தணிக்காத கற்றையில் இந்த எல்லை சில நிமிடங்களில், நுண்கற்றையில் சில நொடிகளிலேயே வந்துவிடும். ஆகப் படிகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நாம் பிரித்துக் கொடுப்பது கடிகார நேரத்தை என்பதைவிட, அந்தக் கணக்கில் மிச்சம் உள்ள ஃபோட்டான்களை என்பதே சரி. சோதனைப் படங்களிலிருந்து சிதறும் வலுவைக் கணித்து, சேதத்தின் வேகத்தையும் சேர்த்து, எங்கே தொடங்கி எவ்வளவு செலவிடலாம் என்று சொல்லும் பெஸ்ட் போன்ற மென்பொருள்கள் இந்தக் கணக்கைத்தான் போடுகின்றன.

அந்த ஃபோட்டான்களை எப்படிச் செலவிடுவது என்ற விதியை மாற்றியது ஃபோட்டான் எண்ணும் டிடெக்டர். அந்த வகையைச் சேர்ந்த பைலேட்டஸ் 6எம் 2007-இல் சுவிட்சர்லாந்தின் சின்க்ரோட்ரானில் பணிக்கு வந்தது. அதற்கு முந்திய சிசிடி டிடெக்டரில் ஒவ்வொரு படத்தையும் வாசிக்கும்போது ஓர் இரைச்சல் சேரும், வாசிக்கவும் நேரம் பிடிக்கும். எனவே குறைந்த படங்கள், படத்துக்கு ஒரு டிகிரி, நல்ல வெளிச்சம் என்பது சிக்கனமாக இருந்தது. ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவியில் வாசிப்பு இரைச்சல் இல்லை, வாசிக்கச் சில மில்லி நொடிதான். ஒரே டோஸை (படிகம் வாங்கும் கதிர்வீச்சு அளவை) 90 டிகிரியில் கொட்டினாலும் 360 டிகிரியில் நான்கில் ஒரு பங்கு வெளிச்சத்தில் பரப்பினாலும் எண்ணிக்கைப் புள்ளியியல் ஒன்றே. ஆனால் பரப்பினால் ஒவ்வொரு புள்ளியும் வெவ்வேறு நிலைகளில் பலமுறை அளக்கப்படுவதால் ஏற்பு, டிடெக்டர் குறை போன்ற முறைசார் பிழைகள் சராசரியில் கரைகின்றன. படத்தின் அகலத்தைப் படிகத்தின் மொசைக் பரவலில் (உள்ளே இருக்கும் துண்டுகளின் சிறு சாய்வு வேறுபாட்டில்) பாதியளவுக்கு நறுக்கினால், புள்ளி ஒளிராத நேரத்தின் பின்னணி அதன் கணக்கில் சேராது. தனிப் படத்தைத் திரையில் பார்த்தால் வெறிச்சென்றிருக்கும். பழைய பழக்கத்தில் கதிரைக் கூட்டச் சொல்லிக் கை துறுதுறுக்கும். அந்தக் கையை அடக்குவது இன்றும் பயிற்சியின் ஒரு பகுதி.

கேள்வி வேறானால் பங்கீடும் தலைகீழாகும் என்பதற்கு முறையிலாச் சிதறல் (சில அணுக்கள் குறிப்பிட்ட அலைநீளங்களில் வழக்கத்துக்கு மாறாகச் சிதறுவது) நல்ல சான்று. 1956-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி. என். ராமச்சந்திரனும் எஸ். ராமனும் இந்தச் சிதறலின் சிறு வேறுபாடுகளைக் கொண்டு அலையின் கட்டத்தை (அலை முகடு எங்கே விழுகிறது என்ற, செறிவில் பதிவாகாத செய்தியை) கணிக்கும் வழியைக் காட்டினார்கள். வழக்கமாகச் செறிவில் சமமாக இருக்கும் இணைப் புள்ளிகள் இரண்டின் வேறுபாடுதான் அங்கே செய்தி. புரதத்தில் இயல்பாக உள்ள கந்தகத்தை மட்டும் நம்பினால் அது சுமார் ஒன்று, ஒன்றரை சதவீதமே. 2 சதவீதப் பிழையோடு அளந்த செறிவில் அது மூழ்கிப்போகும். அதே புள்ளியைப் பதினாறு முறை அளந்தால் பிழை அரை சதவீதத்துக்கு இறங்கும், ஆனால் பதினாறும் வெவ்வேறு நிலைகளில் இருந்தால் மட்டும். கற்றையின் அசைவும் படிகத்தின் அதிர்வும் தரும் பிழை செறிவுக்கு ஏற்பவே வளர்வதால், ஒரே நிலையில் எவ்வளவு நேரம் எண்ணினாலும் ஒரு வரம்புக்கு மேல் துல்லியம் ஏறாது. இங்கே தொலைக் கோணத்தின் மெலிந்த புள்ளிகளைத் துரத்துவது வீண். பிரிதிறனை விட்டுக்கொடுத்து, டோஸை மெலிதாக்கி, சுற்றுகளைப் பெருக்குவதே வழி.

இதற்கு நேர் எதிர்முனை 2020-இல் இங்கிலாந்தின் டயமண்ட் சின்க்ரோட்ரானில் நடந்தது. சார்ஸ்-கோவ்-2 வைரசின் முதன்மைப் புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) படிகங்களில் சிறு மூலக்கூறுத் துணுக்குகளை ஊறவைத்து, படிகம் படிகமாக அளந்து, வினைத்தளத்தில் ஒட்டியவை 71-ஐக் கண்டார்கள். அங்கே ஒவ்வொரு படிகத்திடமும் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: துணுக்கு ஒட்டியிருக்கிறதா, இல்லையா? அதற்கு உன்னதமான தரவு வேண்டாம், முழுமையான தரவு போதும். அளக்கும் நேரம் இவ்வளவு குறுகும்போது ரோபோ படிகத்தை ஏற்றி இறக்கும் நேரமே ஷிஃப்டை விழுங்குகிறது. எனவே இரண்டு படம் எடுத்துப் பார்த்துத் தேர்ந்து, நல்லதை மட்டும் மறுபடி ஏற்றி அளக்கும் பழைய நடைமுறையின் கணக்கும் மாறுகிறது. ஏற்றியதை அப்போதே முழுதாக அளந்துவிடுவது பல நேரம் மலிவு.

ஷிஃப்ட் முடிய நாற்பது நிமிடம் இருக்கிறது, படிகங்களைக் குளிரில் வைத்திருக்கும் கலத்தில் இன்னும் பத்துப் படிகங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மருந்து மூலக்கூறு எவ்வாறு பொருந்துகிறது என்று அறிய வந்த குழு பத்தையும் ஒவ்வொன்றாக ஏற்றி, ஒரு நிமிடத்தில் 2.2 ஆங்ஸ்ட்ராம் தரவை எடுத்துக்கொண்டு போகும். நொதியின் வினைத்தளத்தில் ஒரு ஹைட்ரஜன் எந்த ஆக்சிஜனோடு இருக்கிறது என்று அறிய வந்த குழு ஒன்பதைத் தொடாமல் விட்டு, இருப்பதில் பெரிய ஒரே படிகத்தை ஏற்றி, அதன் நீளத்தில் கற்றையை இடம் மாற்றி மாற்றி வைத்து, டோஸ் கணக்கைப் பக்கத்தில் எழுதிக்கொண்டே, தொலைக் கோணத்து வெளி வளையத்தின் புள்ளிகளுக்காக நாற்பது நிமிடத்தையும் செலவிடும்.